டெம்பரேச்சர் முள் சொல்வது நிஜமா? பழைய காரில் கண்டுபிடிக்கும் வழி

ஹெட்லைட்டைப் போட்டால் என் பழைய காரில் இன்ஜின் சூடாகிவிடும். டேஷ்போர்டில் இருக்கும் முள் அப்படித்தான் சொல்லும். பகல் முழுக்க நடுவில் நிற்கும் முள், இருட்டி விளக்கைப் போட்டதும் மெல்ல ஏறி சிவப்புக் கோட்டைத் தொடும். விளக்கை அணைத்தால் இறங்கிவிடும். விளக்குக்கும் இன்ஜின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். வாட்டர் பம்ப் மேல் சந்தேகம் வந்தது, அதையும் மாற்றினேன். முள் தன் பாட்டுக்கு இரவானால் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், மீட்டர் பலகைக்குப் பின்னால் துருப்பிடித்த ஒரே ஒரு எர்த் ஸ்க்ரூ. எர்த் என்றால் மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை.

அந்த அலைச்சலில் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அடிப்படை ஒன்றுதான்: முள் காட்டுவது சூட்டை அல்ல, தன் வழியாக ஓடும் மின்சாரத்தை. அதனால் பாகம் எதையும் மாற்றுவதற்கு முன், இன்ஜினின் உண்மையான சூட்டை வேறொரு வழியில் அளந்துவிட வேண்டும். இதைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டு இருப்பார்கள்.

முள்ளுக்குப் பின்னால் இருப்பது

மிகப் பழைய கார்களில் மின்சாரமே கிடையாது. இன்ஜினில் ஒரு குமிழ், அதிலிருந்து மீட்டர் வரை தலைமுடியைவிடச் சற்றே தடித்த துளையுள்ள ஒரு நீண்ட உலோகக் குழாய். உள்ளே ஈதர் மாதிரி எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். சூடு ஏறினால் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் முள்ளைத் தள்ளும். சாவி போடாமலே முள் சூட்டைக் காட்டினால் உங்கள் காரில் இருப்பது இந்த வகை. இதில் சோதிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை: குமிழைக் கழற்றி வெந்நீரில் விட்டால் முள் நகர வேண்டும். நகராவிட்டால் குழாய் எங்கோ ஒடிந்து உள்ளே இருந்தது ஆவியாகிப் போய்விட்டது. வயர் என்று நினைத்து அந்தக் குழாயை வெட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து வந்தது மின்சார மீட்டர். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது. இன்ஜின் தலையிலோ தெர்மோஸ்டாட் மூடிக்குப் பக்கத்திலோ பித்தளைத் திருகு போல ஒரு சென்சார் இருக்கும். சென்சாரின் தலையில் ஒரே ஒரு வயர். அதன் எர்த், மரை வழியாக இன்ஜினிலேயே கிடைக்கிறது. உள்ளே இருக்கும் சிறு வில்லை சூடாக ஆக அதன் மின்தடை குறையும். மின்தடை குறைந்தால் மீட்டர் வழியாக அதிக மின்சாரம் ஓடும், முள் ஏறும். பெரும்பாலான கார்களில் இதுதான் முறை. தலைகீழாக வேலை செய்யும் சிலவும் உண்டு, ஆகவே உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

மீட்டரிலும் இரண்டு வகை உண்டு. சூடான இன்ஜினில் சாவியைத் திருப்பியதும் முள் சோம்பல் முறித்துக்கொண்டு நிதானமாக ஏறினால், உள்ளே இருப்பது ஈருலோகப் பட்டை. அதன் மேல் சுற்றிய கம்பி சூடாகி, பட்டை வளைந்து, முள்ளைத் தள்ளுகிறது. சாவி போட்டதும் முள் சட்டென்று தன் இடத்துக்குத் தாவினால் அது காந்தச் சுருள் மீட்டர். பட்டை மீட்டருக்கு நிலையான வோல்டேஜ் வேண்டும். பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினால் முள்ளும் கூடவே ஆடும். அதற்காக மீட்டர் பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் டப்பியை வைத்திருப்பார்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் அது சராசரியாக 10 வோல்ட் தரும், பழைய அமெரிக்க கார்கள் பலவற்றில் 5 வோல்ட். இரண்டு சுருள் உள்ள காந்த மீட்டருக்கு இந்த டப்பி தேவையில்லை. வோல்டேஜ் ஏறினால் இரு சுருளுமே ஒரே அளவில் இழுக்கும், முள் நின்ற இடத்தில் நிற்கும்.

உங்கள் காரில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன்: முள்ளை நம்பாமல் இருக்க அவசரப்படாதீர்கள்

"கேஜ்தான் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே ஓட்டி ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) பொசுக்கியவர்கள் உண்டு. ஓட்டும்போது முள் சிவப்புக்குப் போனால், பொய் என்று நிரூபிக்கும் வரை அது உண்மை. ஓரமாக நிறுத்துங்கள். ஆவி, கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தித்திப்பான வாசனை, உள்ளே குமுறும் சத்தம், கல்லைப் போல இறுகிய மேல் ஹோஸ் (இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்), இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே இன்ஜினை அணைத்துவிட்டு ஆற விடுங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைத் தாங்கும் வகை என்றால், உள்ளே வெறும் தண்ணீர் இருந்தாலும் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் தளர்வாக இருக்க வேண்டும், ரேடியேட்டரைத் தைரியமாகத் தொட முடிய வேண்டும். அதுவரை காத்திருங்கள்.

முள் செய்யும் மோசமான காரியம், சூடு இல்லை என்று சொல்வது. எங்கோ ஹோஸ் பிளந்து கூலன்ட் வெளியேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் இருக்கும் இடத்தில் இப்போது தண்ணீர் இல்லை, காற்றும் ஆவியும்தான். தண்ணீரைப் போல அவை சென்சாருக்குச் சூட்டைக் கடத்தாது. முள் நிதானமாகக் கீழே இறங்கும். ஓட்டுபவர் "சரி, ஆறிவிட்டது" என்று நினைத்து இன்னும் மிதிப்பார். ஓடிக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் முள் கீழே விழுந்தால், அதுவும் ஹீட்டரில் அதுவரை வந்த சூடான காற்று திடீரென்று குளிர்ந்தால், முள் சிவப்பில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்துங்கள்.

படி 1: முள் எப்போது ஆடுகிறது என்று கவனியுங்கள்

ஸ்பேனரைத் தொடாமல் இரண்டு மூன்று நாள் சும்மா ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் போதும். நீர் சூடாவதும் ஆறுவதும் மெதுவாக நடக்கும் காரியம். சில லிட்டர் கூலன்ட்டும் அத்தனை கனமான இரும்பும் இரண்டு வினாடியில் 20 டிகிரி மாறாது. எனவே காந்தச் சுருள் மீட்டரில் முள் துள்ளினால் கோளாறு மின்சாரத்தில்தான்.

பட்டை மீட்டரில் இந்தத் துப்பு கிடைக்காது, ஏனென்றால் அது எதையுமே மெதுவாகத்தான் காட்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: முள் எதோடு சேர்ந்து நகர்கிறது? விளக்கு, ஹீட்டர் விசிறி, வைப்பர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மின்சாரம் இழுக்கும் எதைப் போட்டாலும் முள் நகர்ந்தால் எர்த் அல்லது ஸ்டெபிலைசர். மேடுபள்ளத்தில் நகர்ந்தால் தளர்ந்த வயர். நெரிசலில் ஏறி, திறந்த சாலையில் இறங்கினால் அது மின்சாரம் இல்லை, காற்றோட்டம்: விசிறி, ரேடியேட்டர், பெல்ட். மேடு ஏறும்போது ஏறி இறக்கத்தில் இறங்கினால், இன்ஜின் நிஜமாகவே சூடாகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கூடவே பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். பெரும்பாலான பழைய கார்களில் இரண்டு மீட்டருக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றுதான். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால், சேர்ந்து இறங்கினால், இன்ஜினைத் தொடவே வேண்டாம். என் காரில் விளக்கைப் போட்டதும் பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறியிருக்கிறது. மாதக்கணக்கில் கண் முன்னால் நடந்ததை நான் பார்க்கவில்லை. பெட்ரோல் அதிகமாகக் காட்டினால் யார்தான் குறை சொல்வார்கள்?

படி 2: உண்மையான சூட்டை அளக்கவும்

மிகச் சுலபமான கருவி அகச்சிவப்பு வெப்பமானி. தூரத்தில் இருந்தே விசையை அழுத்தினால் எண் காட்டும். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டினால் உளறும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் குறைவாக வெளியிட்டு, சுற்றியிருப்பதன் சூட்டையும் பிரதிபலிக்கும். இன்ஜின் 90 டிகிரியில் இருக்க, கருவி 50 என்று கூசாமல் காட்டும். அதை நம்பி "முள் பொய், இன்ஜின் குளுமையாக இருக்கிறது" என்று முடிவு கட்டினால் கதை கந்தல்.

பரிகாரம் எளிது. இன்ஜின் ஆறியிருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியின் மேல், சென்சாருக்கு மிக அருகில், சிறிதளவு மங்கல் கறுப்பு பெயின்ட் அடியுங்கள், அல்லது சூடு தாங்கும் கறுப்பு டேப்பை ஒட்டுங்கள். பெயின்ட் அடித்தது நன்றாகக் காயட்டும். பிறகு கருவியை அந்தப் புள்ளிக்கு மிக அருகில், நேராகப் பிடித்து அளங்கள். வெளி உலோகம் உள்ளே இருக்கும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள்.

கருவி இல்லையா? ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, சமையலுக்குப் பயன்படும் நீளமான வெப்பமானியை வாய்க்குள் விட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யலாம். அது விசிறியிலும் பெல்ட்டிலும் படாதபடி கட்டிவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ரேடியேட்டரில் தண்ணீர் சூடேறாமலே இருக்கும். திறந்ததும் எண் விறுவிறுவென்று ஏறும். மூடி இல்லாததால் தண்ணீர் சற்று வழியும், 90ஐத் தாண்டும்போது இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

காரிலேயே இன்னும் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று தெர்மோஸ்டாட். அதன் மேல் 82 அல்லது 88 என்பது போல எண் பொறித்திருக்கும், அது திறக்கத் தொடங்கும் சூடு. மேல் ஹோஸ் வெதுவெதுப்பிலிருந்து சட்டென்று சூடாக மாறும் நேரத்தில் இன்ஜின் ஏறக்குறைய அந்தச் சூட்டில் இருக்கிறது. முள் அப்போது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று மின்விசிறி. ரேடியேட்டரில் உள்ள சுவிட்ச் பொதுவாக 90க்கும் 100க்கும் இடையில் விசிறியை ஓட்டும். சரியான எண் அந்த சுவிட்சின் மேலேயே இருக்கும். இந்த சுவிட்சுக்கும் முள்ளின் சென்சாருக்கும் தொடர்பில்லை, அதனால்தான் அதன் சாட்சிக்கு மதிப்பு. முள் சிவப்பில் இருக்கிறது, விசிறி இன்னும் ஓடவே இல்லை, ரேடியேட்டரும் கருவிக்கு 80 காட்டுகிறது என்றால் முள் மேல் சந்தேகப்படலாம். விசிறி ஓடாததற்கு ஃபியூஸ் போனதும் காரணமாக இருக்கலாம் என்பதால், ரேடியேட்டரை அளக்காமல் விசிறியை மட்டும் நம்பக் கூடாது.

குளிர்ந்த இன்ஜினில் தொடங்கி, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் முள் எங்கே என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். அளந்ததும் முள்ளும் ஒத்துப்போனால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை. கூலன்ட் பக்கம் போங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

படி 3: சென்சார் வயரைக் கழற்றுங்கள்

முழு மின்சுற்றையும் இரண்டாக வெட்டும் இடம் இது. ஒரு பக்கம் சென்சார், மறுபக்கம் வயரும் மீட்டரும். எந்தப் பக்கம் கோளாறு என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்ஜினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் போடுங்கள். சென்சார் தலையில் இருக்கும் வயரைக் கழற்றி, எதிலும் படாமல் தொங்க விடுங்கள். முள் குளிர்ந்த பக்கத்தின் அடிக்குப் போக வேண்டும். பட்டை மீட்டர் என்றால் கொஞ்சம் பொறுங்கள், இறங்க நேரமாகும். வயர் கழன்ற பிறகும் முள் மேலேயே நின்றால், வயர் வழியில் எங்கோ தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது, அல்லது முள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. வயர் இன்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரப்பர் காய்ந்து உதிர்ந்த இடத்தில்தான் தகடு வயரை அறுக்கும்.

இப்போது அதே வயரை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் தொடுங்கள். நேராகத் தொடாமல், நடுவில் 10 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்துத் தொடுவது நல்லது. நேராகத் தொட்டு மறந்துவிட்டால் பட்டை மீட்டரின் கம்பி கருகிப்போகும். முள் மேல் பக்கம் நகர வேண்டும். சூட்டுக் குறியைத் தாண்டியதும் வயரை எடுத்துவிடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக் குரல் கொடுத்தால் வேலை சுலபம்.

முள் இரண்டு முனைக்கும் போய் வந்தால் வயர் அறுபடவில்லை, மீட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது சரியாகக் காட்டுகிறது என்று அர்த்தமில்லை. இந்த இடத்தில் பலர், நானும் கூட, "மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவெடுத்து சென்சாரை வாங்கப் போய்விடுகிறோம். சாலையோரத்தில் இந்தச் சோதனையைச் செய்து காட்டி, மீட்டர் சரிதான் என்று சொல்லி ரேடியேட்டர் பக்கம் என்னை அனுப்பிய ஒரு மெக்கானிக்கை இன்னும் நினைவிருக்கிறது. அவர் செய்ததில் தவறில்லை, பாதியில் நிறுத்தியதுதான் தவறு.

எர்த்தில் தொட்டும் முள் அசையவில்லை என்றால் ஃபியூஸ், மீட்டருக்கு வரும் மின்சாரம், வயர், கடைசியாக மீட்டர் என்று வரிசையாகப் பாருங்கள்.

படி 4: எர்த்தும் ஸ்டெபிலைசரும்

மல்டிமீட்டரை வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் ஓடட்டும், விளக்கு, ஹீட்டர் விசிறி எல்லாம் ஓடட்டும். ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் தலையிலும், மறுமுனையை சென்சாரின் பித்தளை உடம்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட் அளவுக்குள் இருந்தால் நல்லது. மைனஸ் குறியோடு வந்தாலும் குழம்ப வேண்டாம். ஆல்டர்னேட்டர் இன்ஜினில்தான் மாட்டியிருக்கிறது, அதனால் திசை அப்படி வரும். அளவை மட்டும் பாருங்கள். அரை வோல்ட்டுக்குப் பக்கம் வந்தால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை சரியில்லை. இரு முனையையும் கழற்றி, உப்புத்தாள் போட்டு, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து மாட்டுங்கள்.

அடுத்து அதே மைனஸ் தலைக்கும் மீட்டர் பலகையின் எர்த்துக்கும் இடையில் அளந்து பாருங்கள். விளக்கை அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை. என் காரில் விளக்கு அணைந்திருந்தபோது சொல்லும்படி ஒன்றுமில்லை. போட்டதும் 2 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. நடந்தது இதுதான்: மீட்டருக்குள் எரியும் சின்ன பல்புகளும் ஸ்டெபிலைசரும் அந்த ஒரே துருப்பிடித்த ஸ்க்ரூ வழியாகத்தான் எர்த் ஆகின்றன. பல்புகளின் மின்சாரம் துருவில் முட்டிக்கொள்ள, ஸ்டெபிலைசரின் எர்த் மேலே தூக்கிக்கொண்டது.

ஸ்டெபிலைசருக்குள்ளும் ஒரு ஈருலோகப் பட்டைதான். மின்சாரம் பாய்ந்து பட்டை சூடானால் தொடர்பு விடும், ஆறினால் மறுபடி ஒட்டும். இப்படி விட்டு விட்டு ஒட்டுவதில் சராசரியாக 10 வோல்ட் கிடைக்கிறது. எர்த் கெட்டால் உள்ளே இருக்கும் கம்பி போதுமான அளவு சூடாகாது. தொடர்பு ஒட்டியே கிடக்கும். பேட்டரி வோல்டேஜ் அப்படியே மீட்டருக்குப் போகும், எல்லா முள்ளும் மேலே ஏறும். எர்த் முழுக்கப் போய்விட்டால் பகல், இரவு என்றில்லாமல் எப்போதும் ஏறியே நிற்கும்.

ஸ்டெபிலைசர் வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் வெளிவரும் முனையில் டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள். சில வினாடிகளுக்கு ஒருமுறை மின்னினால் உயிரோடு இருக்கிறது. அசையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஒட்டிக்கொண்டது அல்லது எர்த் இல்லை. எரியவே இல்லை என்றால் செத்துவிட்டது, அப்போது இரண்டு முள்ளும் அடியில் கிடக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் 0, 12, 0 என்று தாவும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், அதன் சுபாவமே அதுதான்.

மாற்ற வேண்டியிருந்தால் 7810 என்ற மூன்று கால் ஐ.சி.யை வைத்துப் பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். மைனஸ் எர்த் உள்ள, 10 வோல்ட் கேட்கும் காருக்கு அது பொருந்தும். 5 வோல்ட் காருக்கு 7805. எனக்கு 7810 மேல் ஒரு சின்ன மனக்குறை உண்டு: 10 வோல்ட் தர அதற்கு ஏறக்குறைய 12 வோல்ட் உள்ளே வர வேண்டும். பேட்டரி தளர்ந்து ஐட்லிங்கில் நின்றால் அந்த 12க்கே திண்டாட்டம், முள் சற்று இறங்கிவிடும். குறைந்த வோல்டேஜ் வித்தியாசத்தில் வேலை செய்யும் வகை கிடைத்தால் அதையே போடுங்கள்.

படி 5: சென்சாரை வெந்நீரில் போடுங்கள்

மின்சாரப் பக்கம் சுத்தம் என்றால் அடுத்து சென்சார். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கழற்றுங்கள். துளையில் கொஞ்சம் கூலன்ட் வழியும், கீழே பாத்திரம் வையுங்கள்.

பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, சென்சாரின் கீழ்ப் பாதி மூழ்கும்படி கம்பியில் கட்டித் தொங்க விடுங்கள். அடியைத் தொடக் கூடாது, பாத்திரத்தின் அடி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். பக்கத்தில் வெப்பமானியும் தொங்கட்டும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை சென்சார் தலையிலும் மற்றதை உடம்பிலும் மாட்டுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருந்தால் அதையும் இதே தண்ணீரில் போட்டுவிடுங்கள், எந்தச் சூட்டில் வாய் திறக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுப்பை மெதுவாக எரிய விட்டு 40, 60, 80, 90, கொதிநிலை என்று எண்களைக் குறியுங்கள். பல சென்சார்களில் ஆறியிருக்கும்போது சில நூறு ஓம் இருக்கும், கொதிநீரில் சில பத்து ஓம் ஆகும். பழைய அமெரிக்க வகை ஒன்றில் குளிர்ந்த முனைக்கு 73 ஓம், சூடான முனைக்கு 10 ஓம். ஆகவே எண்ணைவிட நடத்தையைப் பாருங்கள்: சூடு ஏற ஏற எண் சீராக இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் துள்ளினாலோ, ஒரே இடத்தில் நின்றாலோ, தலையை விரலால் லேசாக அசைத்ததும் மாறினாலோ சென்சார் போய்விட்டது. சரியான எண்கள் சர்வீஸ் புத்தகத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொதிநீர் என்றால் 100 டிகிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும்.

புது சென்சார் வாங்கும்போதுதான் இன்னொரு பொய் காருக்குள் நுழைகிறது. மரை ஒன்றாக இருக்கும், உருவம் ஒன்றாக இருக்கும், உள்ளே வில்லை வேறு காருக்கானதாக இருக்கும். முள் அதற்குப் பிறகு நிரந்தரமாகக் கூட்டியோ குறைத்தோ காட்டும். உங்கள் காரின் முள் பல வருடமாக ஒரே அளவில் தவறாகக் காட்டுகிறது என்றால், முந்தைய சொந்தக்காரர் மாட்டிய சென்சார் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். புதியதை மாட்டும் முன் அதையும் வெந்நீரில் போட்டு எண் எடுத்துவிடுங்கள். மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றாதீர்கள், எர்த் அந்த மரை வழியாகத்தான் போக வேண்டும். செம்பு வாஷர் வைக்கும் வகை என்றால் புது வாஷர் போதும்.

படி 6: எல்லாம் சரி, மீட்டர்தான் பாக்கி

சென்சார் வயரைக் கழற்றி, அதன் இடத்தில் தெரிந்த மின்தடைகளை மாட்டிப் பாருங்கள். வெந்நீரில் 90 டிகிரிக்கு சென்சார் எத்தனை ஓம் காட்டியதோ அதே அளவை மாட்டினால், முள் 90க்கான இடத்தில் வந்து நிற்க வேண்டும். 60க்கும் கொதிநிலைக்கும் இதையே செய்யுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கம் தள்ளிக் காட்டினால் மீட்டரின் அளவு நகர்ந்துவிட்டது. சில பட்டை மீட்டர்களின் பின்பக்கம் திருத்துவதற்கென்றே சிறு துளைகள் இருக்கும். கை நடுங்காதவர்கள் முயலலாம். எனக்கு அந்த வேலையில் பொறுமை இல்லை, நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு மீட்டரைத் தேடுவேன்.

ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. முள் கூட்டிக் காட்டினால் சென்சார் வயரின் நடுவே ஒரு சின்ன மின்தடையைத் தொடராகச் சேர்க்கலாம். குறைத்துக் காட்டினால் சென்சாருக்கும் எர்த்துக்கும் இடையே பக்க இணைப்பாக ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் இது ஒரே ஒரு சூட்டில்தான் முள்ளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும். அந்த இடத்தை 90 டிகிரியாக வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த பக்கம் எப்படிக் காட்டினாலும் போகட்டும். எர்த் கெட்ட காரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். நாளை யாராவது எர்த்தைச் சரிசெய்தால் முள் மறுபக்கம் பொய் சொல்லத் தொடங்கும்.

முள் சரி, சென்சார் சரி, இருந்தும் விநோதமாக ஆடுகிறது

வேகமாகப் போகும்போது முள் குளிர்ந்த பக்கம் இறங்கி, நின்றால் மட்டும் நடுவுக்கு வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ அதைக் கழற்றியே எறிந்திருக்கிறார்கள். இங்கே முள் உண்மையைத்தான் சொல்கிறது. கூலன்ட் மாற்றிய மறுநாள் முள் ஏறி இறங்கி விளையாடினால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. காற்று வெளியேறும் திருகைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினில் நிதானமாக நிரப்புங்கள். காற்றை எடுத்த பிறகும் மறுபடி மறுபடி காற்று சேர்ந்தால், ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழ் வந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாக இன்ஜினுக்குள் எரிந்த வாயு கசிகிறது. அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

1990களில் வந்த பல கார்களில் இன்னொரு வேடிக்கை. முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். இன்ஜின் 80இல் இருந்தாலும் 100இல் இருந்தாலும் நகராது. முள் சற்று ஆடினாலே மக்கள் பயந்து சர்வீஸுக்கு ஓடி வருகிறார்கள் என்பதால் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் அந்த முள் நகரத் தொடங்கும்போது நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது. அப்படிப்பட்ட காரில் இன்ஜின் கம்ப்யூட்டருக்கென்று தனியாக இரண்டு வயர் சென்சார் ஒன்று இருக்கும். ஸ்கேனரை மாட்டி அதன் எண்ணைப் படித்தால் உண்மைச் சூடு தெரியும்.

சரிசெய்த பிறகு

ஆறிய இன்ஜினில் தொடங்கி, முள்ளையும் கறுப்புப் புள்ளியின் சூட்டையும் மறுபடி ஒருமுறை எழுதுங்கள். மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். அப்புறம் விளக்கு, ஹீட்டர் விசிறி, வைப்பர், பின்கண்ணாடிச் சூடேற்றி என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். முள் அசையக் கூடாது. அது நின்ற இடத்தை மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளியாகக் குறித்துவைத்தால், அடுத்த முறை ஒரு பார்வையிலேயே வித்தியாசம் தெரியும்.

நான் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, அடியில் இருந்த பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கியதற்கு மொத்தம் 20 நிமிடம் ஆனது. அன்று இரவு விளக்கைப் போட்டேன். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. பெட்ரோல் முள்ளும்தான். கால் டேங்க்கில் நின்றது, அங்கேயே இருந்தது. இருட்டினால் கூடிக்கொண்டிருந்த பெட்ரோல் அதோடு போயிற்று.